கியர் மாறியதா, மாற்றினேனா?

முன்னுரை

பிக்கப் வாங்கப்போகிற மனிதரை இரண்டு கேள்விகள் தூங்கவிடுவதில்லை. கடன் கிடைக்குமா என்பது முதலாவது. அதற்கு வங்கி பதில் சொல்லிவிடும். கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா என்பது இரண்டாவது. அதற்குப் பதில் சொல்ல ஊரே திரண்டு வரும். இத்தனை பேர் பேசியும் இந்தப் பொருளை இலக்கண நோக்கில் இதுவரை யாரும் அணுகவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வாளர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஓட்டுநர் உரிமம் கிடையாது. ஆகவே எந்தக் கட்சியும் சாராதவர், பிறவியிலேயே நியூட்ரல்.

சொல்லாய்வு

‘பிக்கப்’ என்பது பலபொருள் ஒருசொல். பின்பக்கம் திறந்த தொட்டியுள்ள வண்டி, ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் வருகிற வேகம், ரயிலடிக்குப் போய் ஆளை ஏற்றி வருதல் என மூன்று பொருளில் வழங்கும். “மாமாவைப் பிக்கப் பண்ணப் பிக்கப்பை எடுத்துட்டுப் போனேன், வண்டியில பிக்கப்பே இல்ல” என்ற தொடரில் மூன்றும் அடுத்தடுத்து வந்தும் கேட்டவர் யாரும் குழம்பவில்லை. மாமா மட்டும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

ஆய்வெல்லை

2005இல் வந்த டாடா ஏஸ், தமிழ்நாட்டில் ‘குட்டி யானை’ என்று வழங்கும் வண்டி, இவ்வாய்வில் இடம்பெறவில்லை. அது கையால் கியர் போடும் வண்டியாகவே வந்து ஊரெல்லாம் நிறைந்தது. வாங்கியவர்கள் முன் இந்தக் கேள்வியே எழவில்லை. தேர்வு இருக்கும் இடத்தில்தான் ஆய்வுக்கு இடம். எனவே டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பெரிய பிக்கப்புகளும், இந்த விவாதத்தின் தாயகமான அமெரிக்காவும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

இயல் 1: வினைக் கொள்கை

மாறு என்பது தன்வினை. மாற்று என்பது பிறவினை. இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு ஒற்று. ஆட்டோமேட்டிக்கில் கியர் மாறுகிறது. கைக்கியரில் கியரை மாற்றுகிறோம். அந்த ஒரு ‘ற்’ போடுகிற வேலையைச் செய்வதற்குத்தான் இடது காலுக்குக் கீழே ஒரு மிதியும், இடது கைக்கு ஒரு ராடும் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. 2014இல் மாருதி செலேரியோ வழியாக நம் நாட்டில் பரவிய ஏஎம்டி. உள்ளே இருப்பது கைக்கியர்ப் பெட்டிதான். கிளட்சை அமுக்குவதும் கியரை நகர்த்துவதும் மட்டும் இயந்திரத்தின் பொறுப்பு. “கியர் மாற்றப்பட்டது”. செய்தவர் யார் என்று சொல்லாத வாக்கியம். அரசாணைகளில் இந்தச் செயப்பாட்டுவினையை நிறையப் பார்த்திருக்கிறோம். அங்கே போலவே இங்கேயும் உத்தரவு போனதற்கும் வேலை நடந்ததற்கும் இடையில் சிறு தாமதம் இருக்கும்.

கைக்கியர்க் கட்சியாரின் பேச்சை உற்றுக் கேட்டதில் ஒரு நுட்பம் புலப்பட்டது. லோடோடு மேடு ஏறிவிட்டால் “டக்குனு செகண்டுக்கு மாத்துனேன் பாருங்க” என்பார்கள். நடுமேட்டில் வண்டி நின்றுவிட்டால் “கியர் விழலீங்க” என்பார்கள். வெற்றி பிறவினை, தோல்வி தன்வினை. மாணவர்களிடம் இதை நான் நெடுங்காலம் கண்டிருக்கிறேன்: நூற்றுக்கு எண்பது ‘வாங்கினேன்’, முப்பது என்றால் ‘வந்துச்சு’. ஆட்டோமேட்டிக் ஓட்டுபவருக்கு இந்த வசதி இல்லை. அவர் எப்போதுமே தோன்றா எழுவாய்.

இயல் 2: அகத்திணைக் கொள்கை

எஞ்சின் தலைவன், சக்கரம் தலைவி. அவன் இடைவிடாமல் சுற்றுபவன், அவள் நிற்கவும் வேண்டியவள். நேரே சேர்த்துவைத்தால் ஒன்று வண்டி எகிறும், அல்லது எஞ்சின் அணையும். இடையில் சேர்த்தும் பிரித்தும் வைப்பவள் ஒருத்தி வேண்டும். அவளே தோழி; அவளே கிளட்ச். இருவருக்காகவும் உராய்ந்து உராய்ந்து கடைசியில் தேய்வது அவள்தான். மேட்டில் அரைக் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துகையில் கிளம்பும் கருகல் நாற்றம் தோழியின் பெருமூச்சு என்க.

முன்னே செல்லும் ஐந்து கியரும் ஐந்திணை. எஞ்சின் உருகி உருகிச் சுற்ற, சக்கரம் கண்டுகொள்ளாமல் நிற்கும் நியூட்ரல் கைக்கிளை. ரிவர்ஸ் பெருந்திணை, தவிர்க்க முடியாதபோது மட்டும், நாலு பக்கமும் பார்த்து. ஆறாம் கியரை எங்கே வைப்பது என்பது அடுத்துவரும் ஆய்வாளர்களுக்கு விடப்படுகிறது.

வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் தோழி இல்லை. டார்க் கன்வெர்ட்டர் என்ற மூடிய உருளைக்குள் எண்ணெய் நிறைந்திருக்கும். அதில் இரண்டு சக்கரங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி, தொடாமல் நிற்கும். எஞ்சின் பக்கத்துச் சக்கரம் சுழன்று எண்ணெயை வீச, அந்த வேகத்தில் எதிர்ச் சக்கரமும் சுழலும். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், புரியும். தொடாமலே நடப்பதால் இது களவு. ஜெர்மானியரான ஹெர்மன் ஃபொட்டிங்கர் 1905இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடு முதலில் கப்பல்களுக்கென எண்ணப்பட்டது.

களவில் செலவு அதிகம். எண்ணெய் வழுக்குவதால் கொஞ்சம் ஆற்றல் சூடாக வீணாகும். பழைய ஆட்டோமேட்டிக்குகள் மைலேஜ் தராததற்கு இதுவும் ஒரு காரணம். பின்னாளில் ‘லாக்-அப்’ வந்தது. வண்டி சீரான வேகம் பிடித்ததும் இரு பக்கமும் இறுகப் பூட்டிக்கொண்டு ஒன்றாகவே சுழலும். இதுவே கற்பு. வழுக்கல் நின்றது, டீசல் மிஞ்சியது.

இயல் 3: வரலாறு

1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ‘ஹைட்ரா-மேட்டிக்’ வந்தது. பெருமளவில் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் அது. பிக்கப்காரர்கள் அசையவில்லை. கார் சொகுசுக்கு, பிக்கப் வேலைக்கு. வேலைக்காரனுக்கு எதற்குச் சொகுசு என்பது அவர்கள் வாதம். ஸ்டியரிங் தண்டில் கியர் ராடு வைத்த பழைய வண்டிகளை அமெரிக்கர்கள் ‘மரத்து மேல மூணு’ என்று செல்லமாகச் சொல்வார்கள். பழைய அம்பாசிடரில் ஏறியவர்களுக்கு அந்த மரம் எது என்று விளக்க வேண்டியதில்லை.

பிறகு அமெரிக்கப் பிக்கப் கைக்கியரைக் கைகழுவத் தொடங்கியது. ஃபோர்டு எஃப்-150இல் 2008 மாடலோடு கைக்கியர் முடிந்தது. ‘ராம்’ என்ற கனரகப் பிக்கப் 2018 வரை தாக்குப்பிடித்தது. மாறாக, 2017இல் எஃப்-150க்குப் பத்துக் கியர் ஆட்டோமேட்டிக் வந்தது. பத்துக் கியரையும் கையால் போடுவதென்றால் ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தனி ஆள் வைக்க வேண்டும். டொயோட்டா டக்கோமாவோ 2024 மாடலிலும் ஆறு கியர்க் கைப்பெட்டியை விடவில்லை. அதற்கு 270 குதிரைத்திறன், அதே எஞ்சின் ஆட்டோமேட்டிக்கில் 278. கைக்கியர் வாங்குபவர் எட்டுக் குதிரைகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

எட்டுக் குதிரை பெரிதில்லை என்பாருக்குத் தடை வருமாறு. 2018 ராமில் ஒரே கம்மின்ஸ் டீசல் எஞ்சின். ஆட்டோமேட்டிக்கோடு வாங்கினால் அதன் உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 1,260 நியூட்டன் மீட்டர். கைக்கியரோடு வாங்கினால் 895தான். அதற்குமேல் கொடுத்தால் கைக்கியர்ப் பெட்டியும் கிளட்சும் தாங்காது. 2022இல் இந்தியாவுக்கு வந்த ஹைலக்ஸிலும் இதே கதை: கைக்கியரில் 420, ஆட்டோமேட்டிக்கில் 500. பலசாலிக்குத்தான் கைக்கியர் என்ற தொல்கொள்கை இவ்விடத்தில் நடுமேட்டில் நின்றுவிடுகிறது.

இயல் 4: கள ஆய்வு

ஏட்டறிவு போதாது என்று கொல்லிமலைக்குப் போனேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். திரும்புகையில் பலாப்பழம் ஏற்றிய பிக்கப் ஒன்றில் முன்னிருக்கை கிடைத்தது. ஒரு பயணத்தில் எத்தனை முறை கியர் மாற்றப்படுகிறது என்று நோட்டில் கோடு போட்டு எண்ணத் தொடங்கினேன். பதினெட்டாம் வளைவில் ஆய்வாளரின் வயிறு ஒத்துழைக்காததால் தரவு சேகரிப்பு கைவிடப்பட்டது.

ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு வெறுங்காலில்தான் கிளட்சை மிதித்தார். கியர் ராடின் தலையிலிருந்த எண்கள் தேய்ந்து வழுக்கையாகிக் கிடந்தன.

“நம்பரே அழிஞ்சிருச்சே, எந்தக் கியர்னு எப்படித் தெரியும்?”

“கைக்குத் தெரியுமுங்கய்யா.”

வண்டி செகண்டிலேயே முனகிக்கொண்டு இறங்கியது. கொஞ்சம் வேகமாகப் போகலாமே என்றேன்.

“ஏறுன கியர்லயேதானுங்க எறங்கோணும். பிரேக்கையே நம்பி மிதிச்சுக்கிட்டு வந்தா, சூடேறி, அடிவாரத்துல பிரேக் புடிக்காதுங்க.”

எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும் இந்த முறைக்கு ஆட்டோமேட்டிக்கிலும் வழி உண்டு. கீழ்க்கியரில் நிறுத்திவைக்கலாம். ‘டி’யில் போட்டுவிட்டு மலையிறங்குவது வண்டியின் குற்றமல்ல. பேட்டரி படுத்தால் நாலு பேர் தள்ளி வண்டியைக் கிளப்பும் ஊர்கூடித் தேரிழுக்கும் மரபு மட்டும் கைக்கியருக்கே உரியது. இதைச் சொல்லிவிட்டு, ஆய்வின் மையக் கேள்வியைக் கேட்டேன். ஆட்டோமேட்டிக் கொடுத்தால் ஓட்டுவீர்களா?

அவர் அடுத்த வளைவு முடியும்வரை பேசவில்லை. பிறகு இடது முட்டியைத் தட்டிக் காட்டினார்.

“வேண்டாம்னா சொல்லப்போறேன்? ஆனா வண்டி எடுக்கறது மொதலாளிங்க. முட்டி என்னுதுங்க.”

நோட்டை மூடிவிட்டேன்.

முடிவுரை

இயல் 1 திருத்தப்படுகிறது. மாற்றினேன் என்று பெருமை பேசுபவர் பலர் மாற்றுவதேயில்லை; மாற்றுவிப்பவர்கள். டீக்கடையில் கைக்கியரின் ஆண்மையைப் புகழ்கிறவர் ஒருவர், எழுபது வளைவிலும் கிளட்சை மிதிக்கிறவர் இன்னொருவர். இலக்கணம் பிழைத்தது அங்கேதான்.

பக்கத்தில் நல்ல மெக்கானிக் இல்லாத ஊர், கையில் பணம் குறைவு, நீண்ட சமவெளிச் சாலை என்றால் கைக்கியர் போதும். பெரிய லோடு, ஊர்ந்து நகரும் நெரிசல், தினம் மலை என்றால், அந்த வகையில் ஆட்டோமேட்டிக் கிடைக்கும் பட்சத்தில், அதுவே நல்லது. எதுவானாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஓட்டப்போகிறவரை ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கி வந்ததும் மைலேஜைக் கேட்காதீர்கள், முட்டியைக் கேளுங்கள்.