நுரைக் கிண்ணத்தின் பதவியிறக்கம்: ஓர் ஆய்வு

தமிழில் எந்த ஆய்வையும் சங்க காலத்தில் தொடங்குவது மரபு. அந்த மரபுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேரே குளியலறை மாடத்துக்கு வருவோம்.

அங்கே வாலிலிருந்து சுருட்டப்பட்ட ஒரு ஷேவிங் கிரீம் டியூப், முடி விரிந்த ஒரு பிரஷ், ஒரு ரேசர், ஒரு கிண்ணம் ஆகியவை உள்ளன. முதல் மூன்றும் கடையில் வாங்கியவை. கிண்ணத்தை மட்டும் அதற்கென்று காசு கொடுத்து வாங்கிய குடும்பம் நம் களஆய்வில் அகப்படவில்லை. அது சமையலறையிலிருந்து வந்தது. காது உடைந்த பீங்கான் கப், ஜோடி தொலைந்த டவரா, கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் கிண்ணம் என்று முதல்நிலைச் சான்றுகள் பல. கடைசி வகை கல்வெட்டியலாருக்கு முக்கியமானது. உள்ளே நுரை ததும்பும். வெளியே அன்பளித்த மாமாவின் பெயரும் முகூர்த்தத் தேதியும் புள்ளிப் புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும்.

இந்தப் பயணம் ஒருவழிப் பாதை. சவரத்துக்குப் போன பாத்திரம் அடுப்படிக்குத் திரும்பாது. புளி போட்டுத் தேய்த்தாலும், கொதிக்கும் நீரில் முக்கி எடுத்தாலும் இந்த விதிக்கு விலக்கில்லை. சோப்பு பட்ட பாத்திரம்தான் சுத்தமான பாத்திரம் என்ற தர்க்கத்தைச் சிலர் முன்வைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு அன்று காபி தாமதமாக வந்தது.

ஐரோப்பாவில் நிலைமை நேர்மாறு. அங்கே கிண்ணம் மேலே ஏறுகிறது. செர்வாண்டெஸின் 'டான் குயிக்ஸாட்' நாவலில் (முதல் பாகம், 1605), மழையில் தொப்பி நனையாதிருக்க நாவிதர் ஒருவர் பித்தளைச் சவரத் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவார். நம் வீரர் அதைத் தங்கத் தலைக்கவசம் என்று நம்பிப் பறித்து, தானே சூடிக்கொள்வார். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' (1922) தொடங்குவதே, டப்ளின் அருகே ஒரு கோபுரத்தின் உச்சியில் ஒருவன் நுரைக் கிண்ணத்தைப் பூசைப் பாத்திரம்போல் ஏந்தி வருவதில்தான். அங்கே கவசமும் பூசைப் பாத்திரமும் ஆனது, இங்கே டவரா பதவியிலிருந்தும் இறக்கப்படுகிறது.

கிண்ணம் தேவைதானா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. சலூன்காரர் பெரும்பாலும் கிண்ணத்தைத் தொடுவதில்லை. பிரஷ்ஷை நனைத்து உதறி, நுனியில் கிரீமைப் பிதுக்கி, கன்னத்திலேயே நுரையைக் கூட்டிவிடுவார். தொழில் தெரிந்தவருக்கு வேண்டாத கருவியை வீட்டுக்காரர் விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் வேதியியலில் இருக்கிறது. தாடி மயிரை இளக்குவது கிரீம் அல்ல, தண்ணீர். மயிர் நீரைக் குடித்து உப்பி, பிளேடுக்கு இணங்க இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். அந்தத் தண்ணீர் கழுத்து வழியே பனியனுக்குள் இறங்கிவிடாமல் கன்னத்தில் நிறுத்திவைப்பதுதான் நுரையின் வேலை. ஆகவே முகத்தை நனைத்துவிட்டுக் கிண்ணத்தில் கலக்கிக்கொண்டே நிற்பவர் சோம்பேறி அல்லர், மயிர் ஊறக் காத்திருப்பவர். வெளியே நின்று கதவைத் தட்டுபவர்களிடம் இந்த வாதம் எடுபட்டதாகச் சான்றில்லை.

போர்வெல் தண்ணீர் வீடுகளின் துயரம் தனி. உப்பு நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பை முதலில் தமக்கென்று பிடித்துக்கொள்ளும். எவ்வளவு கலக்கினாலும் நுரைக்குப் பதில் திரிதிரியான வெள்ளைக் கசடுதான் மிஞ்சும். குடிக்க வாங்கிய கேன் தண்ணீரில் அரை டம்ளரை ஓசைப்படாமல் எடுத்துக்கொள்வது வழக்கில் உள்ள தீர்வு.

பிரஷ்ஷின் பூர்வீகம் அவ்வளவு சுகமானதல்ல. முதல் உலகப் போரின்போது பேட்ஜர் என்ற விலங்கின் மயிர் கிடைப்பது அரிதாகி, குதிரை மயிரில் மலிவு பிரஷ்கள் வந்தன. கிருமி சரியாக நீக்கப்படாத அந்த மயிர் வழியே, மாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய் படைவீரர்களின் கன்னத்தில் ஏறியது. சிலர் இறந்தே போனார்கள். இந்த நோய்க்குப் பயந்துதான் 1920இல் ஜப்பானியச் சவரப் பிரஷ்களின் இறக்குமதிக்கு பிரிட்டன் தடை போட்டது. இப்போது நம் மாடங்களில் இருப்பவை அநேகமாக நைலான்.

இவ்வளவு கெட்ட பெயர் எடுத்த பிரஷ்ஷுக்கு ஓய்வுக்குப் பின் கிடைக்கும் மரியாதையைப் பாருங்கள். அலசிக் காயவைத்து, முதலில் தையல் மெஷினின் பஞ்சுத் தூசியைத் தட்ட வைப்பார்கள். பிறகு ஆர்மோனியக் கட்டைகளின் இடுக்கு. கடைசியில் பூஜை அலமாரிக்கே போய்ச் சாமி படச் சட்டங்களின் மூலைகளைத் துடைக்கிறது. அதே நுரையில் ஊறிய கிண்ணத்துக்கு மட்டும் அடுப்படி வாசல் ஏன் அடைபட்டது என்று ஒரு பாட்டியிடம் கேட்டோம்.

"பிரஷ்ல யாருப்பா காபி குடிக்கிறா?" என்றார்.