வாய்வாக்கும் பணிநீக்க இழப்பீடும்

கேள்வி: ஆட்குறைப்பில் நிறுத்திய தொழிலாளியை மூன்று வாரத்தில் திரும்ப அழைத்து, “பழைய சர்வீஸ் சேரும்” என்று நிர்வாகம் வாயால் சொன்னால் செல்லுமா? (பொந்தியான்)

பதில்: மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஒப்பந்தமாகவே ஏற்கிறது. ஆனால் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து வேண்டும் என்கிறது அதே சட்டம். வாய்வாக்குக்கு உயிர் உண்டு. சாட்சி இல்லாவிட்டால் நடக்கக் கால் இல்லை.

மூன்று வார இடைவெளி என்றால் வாக்கையே நம்பியிருக்க வேண்டியதில்லை. 1980-ஆம் ஆண்டு பணிநீக்க இழப்பீட்டு விதிகள், இடைவெளிகள் மொத்தம் 30 நாளைத் தாண்டாதவரை சேவையைத் தொடர்ச்சியாகவே கணக்கிடுகின்றன. ஓராண்டு முடித்தவருக்கே இழப்பீடு: இரண்டு ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். எட்டு ஆண்டு உழைத்தவருக்கு 160 நாள் சம்பளம். சேவை இரண்டாக உடைந்தால் ஆண்டுகள் மட்டுமல்ல, விகிதமும் குறையும். ஏழைத் தொழிலாளிக்கு அது பெரிய இழப்பு. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குவோருக்கு இந்த விதிகள் பொதுவாகப் பொருந்தா.

30 நாள் தாண்டிய இடைவெளியில்தான் வாய்வாக்கு முழுச் சுமையையும் தாங்குகிறது. திரும்பச் சேரும் நாளிலேயே பழைய சேவைத் தேதியைக் கடிதத்தில் எழுதி வாங்குவது அவசியம். தோட்டமோ தொழிற்சாலையோ, சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்த வேண்டும். வேலை முடிந்த ஏழு நாளுக்குள் இழப்பீடு வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.