கேட்டில் தொங்கும் பை

எங்கள் தாமானில் விடிந்ததும் வீட்டுக் கேட்டில் பிளாஸ்டிக் பை தொங்கினால், உள்ளே முருங்கைக்காய் இருக்கும். இல்லையென்றால் அக்காவின் பின்னல் இருக்கும். முருங்கைக்காய் என்றால் யார் கொடுத்தது என்று விசாரிக்க வேண்டும். பின்னலுக்கு அந்தச் சிரமம் இல்லை. பெயர் எழுதாமல் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது அக்காவின் நம்பிக்கை. இரட்டை ஊசிப் பின்னலை இயந்திரம் போட்டுவிடும். கொக்கி ஊசி வேலையை அது இன்னும் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. ஆகவே ஒவ்வொன்றும் கையெழுத்துதான். அக்காவுக்கு இறுக்கமான கை. அவர் பின்னிய தொப்பியில் தண்ணீர் மொள்ளலாம்.

இப்படி ஓர் அக்கா இல்லாத தாமான் சிரம்பான் ராசாவில் இருந்தால் சொல்லுங்கள், குடிபோகிறேன். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டதையும், அந்தச் செம்பனையையும் அழித்து வீடு கட்டியதையும் பார்த்தவர். அதெல்லாம் அவரை அசைக்கவில்லை. டிவி தட்டையானதுதான் அசைத்தது. லயத்துக் காலத்து டிவிக்கு முதுகு அகலம். மேலே ஒரு பூப்பின்னல், அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா. இப்போது எதன்மேல் விரிப்பது? ரைஸ் குக்கருக்குச் சட்டை, ரிமோட்டுக்குக் காலுறை, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை என்று இறங்கிவிட்டார். ஜாலான் ராசா ஆஸ்பத்திரியில் யாருக்காவது பிரசவம் என்றால், பிள்ளைக்கு முன்னால் குல்லாய் போய்ச் சேர்ந்திருக்கும்.

எனக்கு ஒருமுறை முழுக்கை சுவெட்டர். வெயில் 32 டிகிரி. போட்டுக் காட்டாமல் விடமாட்டார் என்பதற்காகவே 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவுக்குக் குடும்பத்தோடு ஏறிப் படம் எடுத்து அனுப்பினேன். அது பரிசா அபராதமா என்று வீட்டுக்காரர் இன்னும் கேட்கிறார்.

பரிசு திடீரென்று வர வேண்டுமாம். அதற்கு மூன்று மாதம் முன்பே ஏற்பாடு நடக்கும். கோயிலில் பார்த்ததும் பாசமாகத் தோளை அணைத்து, அப்படியே சாண் போட்டுவிடுவார்.

"ஏம்மா, உனக்கு ஊதா பிடிக்கும்தானே? சும்மா கேட்டேன்."

அன்றிலிருந்து ஆச்சரியப்படுவது நம் வேலை. "ஐயையோ, யாரு வச்சாங்கன்னே தெரியலையே!" என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தவள் நான்.

அவருடைய பிறந்தநாளுக்கு முந்திக்கொள்வோம் என்று கூட்டாளிகள் நான்கு பேர் முறைவைத்துப் பச்சைச் சால்வை பின்னினோம். முக்கால்வாசியில் நூல் தீர்ந்தது. நூலுருண்டையைச் சுற்றிய சீட்டில் சாயம் போட்ட தொகுதிக்கு ஓர் எண் இருக்கும். எண் மாறினால் அதே பச்சையும் வேறு பச்சை. சிரம்பான் முழுக்க அலைந்தோம். அந்த எண்ணில் மிச்சமிருந்த நான்கு உருண்டையையும் முந்தின நாள்தான் ஓர் அம்மா வாங்கிப் போனார் என்றார் கடைக்காரர்.

மறுநாள் என் கேட்டில் பை. உள்ளே நான்கு பச்சை உருண்டைகள்.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறந்தநாளன்று சால்வையைப் பிரித்து, "ஐயையோ, யாரு பின்னுனது!" என்று நெஞ்சில் கைவைத்தார். எங்கள் நான்கு பேருக்கும் அந்த நடிப்பு வராது. போர்த்திக்கொண்டு கண் கலங்கினார். பிறகு ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினார்.

"இந்த வரிசையில ஒரு கண்ணி விட்டுப்போச்சேம்மா" என்று சொல்லி, முனை நூலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்.