திரையரங்குத் தட்டில் ஃபிலிம் ஏற்றும் முறை: தலை, வால், முகம், முதுகு குறித்த ஓர் ஆய்வு

பிளேட்டர் எனப்படுவது புரொஜெக்டர் அறையில் படுக்கைவாட்டில் சுழலும் உலோகத் தட்டு. அகலம் நான்கடிக்குச் சற்று மேல். ஒரே தூணில் அடுக்கடுக்காகப் பெரும்பாலும் மூன்று தட்டுகள் இருக்கும். ஒன்று ஃபிலிமைக் கொடுக்கும், ஒன்று வாங்கும், மூன்றாவது அடுத்த படத்துக்காகக் காத்திருக்கும். ஜெர்மானியரான வில்லி பூர்த் 1960களில் உருவாக்கிய இந்த ஏற்பாட்டுக்காக அவருக்கும் கினோட்டோன் நிறுவனத்துக்கும் 1987ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருது கிடைத்தது. விருது தட்டுக்கே அன்றி, அதில் ஃபிலிமை ஒழுங்காகச் சுற்றியவர்களுக்கு இல்லை. இக்குறையை வரலாறு இன்னும் தீர்க்கவில்லை.

35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆகவே இரண்டு மணி நேரப் படம் 10,800 அடி, அதாவது ஏறக்குறைய 3.3 கிலோமீட்டர். இது அரங்குக்கு 2,000 அடி கொள்ளும் ரீல்களாகப் பெட்டியில் வந்து சேரும். ஆபரேட்டர் ஒவ்வொரு ரீலின் முன்னும் பின்னும் உள்ள லீடர் என்ற படமில்லாத துண்டை வெட்டி எடுத்து, படத்தை டேப்பால் ஒட்டி, ஒரே சுருளாகத் தட்டில் சுற்றுவார்.

முதல் கேள்வி: படத்தின் தலை, அதாவது தொடக்கம், உள்ளே இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா? உள்ளேதான். பிளேட்டர் சுருளின் நடுவிலிருந்து ஃபிலிமைக் கொடுக்கும். திரையிட்டுத் திரும்பும் ஃபிலிம் மற்றொரு தட்டின் நடு வளையத்தில் தலையிலிருந்தே சுற்றத் தொடங்கும். ஆட்டம் முடியும்போது தலை மறுபடியும் நடுவில் இருக்கும்; திருப்பிச் சுற்றும் வேலையே இல்லை. ஒவ்வொரு ரீலும் ஓடி முடிந்ததும் அதைக் கையால் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்த உதவியாளருக்கு இத்தத்துவம் வேலையைக் குறைத்தது. பிறகு வேலையையே இல்லாமல் செய்தது.

தலை எது என்று அறிவது எப்படி? லீடரில் எழுதியிருக்கும். லீடர் தொலைந்திருந்தால் பிரேமைப் பார்க்க வேண்டும். திரையில் நடிப்பவரின் தலை ஃபிலிமில் எந்தப் பக்கம் நோக்குகிறதோ, அந்தப் பக்கமே படத்தின் தலை. இவ்விதி எல்லா மொழிப் படங்களுக்கும் பொருந்தும். கயிற்றில் தலைகீழாகத் தொங்கும் வில்லனை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது.

இரண்டாம் கேள்வி முகமும் முதுகும் பற்றியது. ஃபிலிமின் மங்கலான பக்கம் எமல்ஷன், அதாவது முகம்; பளபளக்கும் பக்கம் அடித்தளம், அதாவது முதுகு. ஐயம் எழுந்தால் ஈர உதட்டில் வைத்துப் பார்ப்பது தொழில் மரபு: ஒட்டினால் எமல்ஷன். தலை வால் இரண்டு, முகம் முதுகு இரண்டு. பெருக்கினால் ஒரு ரீலைச் சேர்க்க நான்கு வழிகள். அவற்றில் சரியானது ஒன்றே. மற்ற மூன்றும் தம்முள் வேறுபடுவன என்பதே இத்துறையின் நுட்பம். தலை சரியாக இருந்து முகம் மட்டும் மாறினால், படம் நேராகவே ஓடும். ஆனால் வலக்கைக்காரர் எல்லாரும் இடக்கைக்காரர் ஆவர், பெயர்ப்பலகைகள் திரும்பி நிற்கும், ஃபிலிமின் ஓர் ஓரத்தில் உள்ள ஒலித்தடம் மறுபக்கம் போனதால் வசனம் கேளாது. முகம் சரியாக இருந்து வால் முந்தினால், படம் தலைகீழாகவும் பின்னோக்கியும் ஓடும்; அப்போதும் ஒலித்தடம் இடம் மாறிவிடும். இரண்டுமே தவறினால், கோபுரம் குளத்து நீரில் தெரிவதுபோல் தலைகீழாக நிற்க, கதை பின்னோக்கி நடக்கும். ஒலித்தடமோ உரிய இடத்துக்கே வந்துவிடுவதால் வசனமும் பின்னாலிருந்து முன்னாகத் தெளிவாகக் கேட்கும். இரண்டு பிழை சேர்ந்தால் ஒலி மீளும் என்ற இந்த முடிவு ஒழுக்க நூல்கள் எதற்கும் உடன்பாடானது அன்று.

சுற்றின் இறுக்கம் தனி இயல். இரண்டு மணி நேரப் படம் தட்டில் ஏறக்குறைய 2,000 சுற்று வரும். மிக இறுகினால் நடு வளையத்தை உருவ முடியாது. தளர்ந்தால் வளையத்தை எடுத்ததும் சுருள் சரியும். வளையம் இருந்த இடத்தில் ‘மூளை’ என்ற கருவி பொருத்தப்படும். ஃபிலிமின் இழுப்பை அதன் நெம்புகோல் உணர்ந்து தட்டின் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். வறண்ட காற்றில் நிலைமின்சாரம் ஏறினால் ஒரு சுற்றோடு அடுத்த சுற்றும் ஒட்டி வந்து மூளையைச் சுற்றிக்கொள்ளும். பழைய அசிட்டேட் ஃபிலிம் என்றால் அந்த இடத்தில் அறுந்து ஆட்டம் நிற்கும். பாலியெஸ்டர் எளிதில் அறுபடாது. அதற்குப் பதில் இயந்திரத்தை வளைக்கும்.

ரீல்களை ஒட்டும்போது ஃபிலிமின் ஓரத் துளைகளை எண்ண வேண்டும். ஒரு பிரேமுக்கு நான்கு துளை. ஒன்று பிசகினாலும் அந்த ரீல் முழுவதும் பிரேம்களுக்கிடையிலான கோடு திரைக்குள் வந்து நிற்கும். ரீலின் முடிவில் வலது மேல் மூலையில் மின்னும் இரு புள்ளிகளும் இனி வேண்டாதவை: ரீல் மாற்ற ஆபரேட்டருக்குச் சைகை காட்டவே அவை தோன்றின, பிளேட்டர் அரங்கில் யாருக்கும் இன்றிச் சைகை காட்டிக்கொண்டே இருந்தன.

இக்கலையின் உச்சம் 2023இல் வந்த ‘ஓப்பன்ஹைமர்’. அதன் 70 மி.மீ. ஐமாக்ஸ் பிரதி 53 ரீல். நீளம் 11 மைல், எடை சுமார் 600 பவுண்டு. மூன்று மணி நேரப் படத்துக்காகத் தட்டையே பெரிதாக்க வேண்டியிருந்தது.

ஃபிலிம் காப்பகங்களுக்குப் பிளேட்டர் ஆகாது. ஒவ்வொரு முறை ஒட்டிப் பிரிக்கும்போதும் ரீலின் இரு முனையிலும் பிரேம்கள் குறையும் என்பதால், அரிய பிரதிகளை ரீல் மாற்றி ஓட்டும் அரங்குகளுக்கே பல காப்பகங்கள் தரும். அவர்கள் அச்சம் நியாயமானதே.

ஓட்டம் முடிந்ததும் சுருளை வெளிப்பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும். கடைசி ரீலின் வால் முதலில் ரீலில் ஏறும். தலை வெளியே வரும். அடுத்த அரங்குக்கு அப்படியே அனுப்பலாம். ஒட்டுகளை எளிதில் காண, சேர்க்கும்போதே வண்ண டேப் ஒட்டி வைப்பர். வெட்டி வைத்த லீடரை உரிய ரீலுக்கே திருப்பி ஒட்டுவது இறுதிப் பணி. மூன்றாம் ரீலின் லீடர் நான்காம் ரீலுக்குப் போய்விட்டால், அடுத்த ஊரில் நான்காம் ரீல் முந்தி ஓடும். ஃபிளாஷ்பேக் நிறைந்த படமானால் புகார் வருவது அரிது.