பட்டறைப் பேச்சு: தாத்தாவின் பெட்ரோல் டிராக்டர்

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பீர்க்கன்கரணை
கே: மதுராந்தகம் பக்கம் எங்கள் நிலத்தில் கிடந்த பழைய பெர்குசன் பெட்ரோல் டிராக்டரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எஞ்சினை நானே பிரித்து வேலை பார்த்தால் எவ்வளவு மிச்சமாகும்?

ப: பிட்டர் கூலி மிச்சமாகும். மற்றதெல்லாம் போகவேண்டிய இடத்துக்குப் போய்த்தான் தீரும். கிராங்கை நீங்கள் வீட்டுத் திண்ணையில் கிரைண்டிங் செய்ய முடியாது, லேத் பட்டறைக்குத்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். ஹெட் ஃபேசிங்குக்கும் அதே பட்டறை. லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் எல்லாம் கடைக்காரர் கணக்கு. ஊர்ப்பக்கம் மூன்று சிலிண்டர் டீசல் டிராக்டருக்கு முழு எஞ்சின் வேலை என்றால் ஐம்பதாயிரத்துக்கு முன்னே பின்னே பேசுவார்கள். அதில் பிட்டரின் கூலி சின்னப் பங்கு. அதை மிச்சம் பிடிக்க டார்க் ரெஞ்ச், மைக்ரோமீட்டர், செயின் பிளாக் என்று வாங்க ஆரம்பித்தால் மிச்சம் பிடித்தது கடைக்கே போய்விடும். வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள்.

இன்னொன்று. பெர்குசனுக்குச் சேசிஸ் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றையும் வரிசையாக போல்ட் போட்டு இறுக்கியதுதான் வண்டியே. கிராங்கைக் கழற்றவேண்டுமானால் டிராக்டரையே நடுவில் இரண்டாகப் பிளக்கவேண்டும். வாசலில் இடம் இருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர் பொறுமைசாலியா என்று முதலில் பாருங்கள்.

அதே வாசகர்
கே: போரிங் செய்யவேண்டாம், லைனரை மாற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

ப: தாராளமாக. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனி பெர்குசனுக்குக் கொடுத்தது வெட் லைனர் எஞ்சின். லைனரின் வெளிப்புறத்தைத் தண்ணீர் நேராகத் தொடும். பழையதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை இறக்கிவிடலாம், பிளாக்கைத் தொடவே வேண்டாம். முதலில் வந்த ஸ்டாண்டர்டு பெட்ரோல் எஞ்சினின் போர் 80 மி.மீ., அதாவது 1850 சிசி. பிறகு 85 ஆக்கினார்கள், 2088 சிசி. ஸ்ட்ரோக் இரண்டிலும் 92தான். இத்தனை வருடத்தில் யார் எதைப் போட்டு வைத்தார்களோ, வண்டியின் வயதைச் சொல்லி செட் வாங்காதீர்கள். உள்ளே அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். 1946, 47-ல் வந்த முதல் வண்டிகளில் இருந்தது அமெரிக்காவின் கான்டினென்டல் எஞ்சின். அந்தக் கணக்கே வேறு.

இதில் காசைக் கரியாக்கும் இடம் ஒன்று இருக்கிறது. லைனருக்கு அடியில், இரண்டிரண்டு சிலிண்டருக்கு ஒன்றாக, எட்டு வடிவத்தில் ஒரு மெல்லிய கேஸ்கட் உட்கார்ந்திருக்கும். ஹெட்டைக் கழற்றிய பிறகு லைனரை அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லை. அந்த நேரத்தில் ஆசைக்குக் கிராங்கைச் சுற்றினால் பிஸ்டன் லைனரை மேலே தூக்கிவிடும், கேஸ்கட் விட்டுப்போகும். மறுபடி பூட்டியதும் ரேடியேட்டர் தண்ணீர் சம்ப்பில் இறங்கி ஆயில் பால் காபி நிறத்துக்கு வந்துவிடும். ரிங் மட்டும் மாற்றலாம் என்று திறந்தவர்கள் பேரிங் வரைக்கும் செலவு செய்வது இப்படித்தான். ஹெட் ஸ்டட்டில் பெரிய வாஷர், ஒரு துண்டுக் குழாய், நட் போட்டு லைனரை இறுக்கிவிட்டு அப்புறம் சுற்றுங்கள். புது லைனர் இறக்கியதும் அது பிளாக் மட்டத்துக்கு மேலே ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்றிலிருந்து ஐந்து பங்கு நீட்டிக்கொண்டிருக்கவேண்டும். குறைந்தால் ஹெட் கேஸ்கட் பிடிக்காது. ஃபீலர் கேஜ் விலை அற்பம், இதற்கு மட்டும் சொந்தமாகவே வாங்குங்கள்.

ஐ.டி. ஊழியர், பெருங்களத்தூர்
கே: இந்த எஞ்சினுக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தம் உண்டு என்கிறார் அப்பா. கதை விடுகிறாரா?

ப: அப்பா சொல்வது சரி. 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவின் தொழிற்சாலை உங்கள் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில்தான் இருந்தது. வான்கார்டு, 1961-லிருந்து ஹெரால்டு என்று கார்கள் அங்கிருந்து வந்தன. 1985-ல் ரோவர் எஸ்.டி.1-இன் உடம்பை வைத்து 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு சொகுசு கார் விட்டார்கள். உள்ளே வைத்தது வான்கார்டு காலத்து 1991 சிசி வெட் லைனர் எஞ்சின். போர் 83, ஸ்ட்ரோக் அதே 92. பெர்குசன் டிராக்டருக்குக் கூடப்பிறந்தது. பட்டு வேட்டி கட்டிக் கல்யாணத்துக்கு வந்தவரை ஏர் பிடிக்கச் சொன்னால் பிடித்திருப்பார்! மைலேஜ் புகாரும் விற்பனைச் சரிவுமாகச் சில வருடத்திலேயே அந்தக் கார் நின்றுபோனது.

இல்லத்தரசி, பீர்க்கன்கரணை
கே: மிக்ஸி ரிப்பேராகி ஒரு வருடம் ஆகிறது. அதற்கு நேரம் இல்லாதவர் டிராக்டருக்கு விடியற்காலை எழுந்து உட்காருகிறார். என்ன செய்யலாம்?

ப: மிக்ஸியை டிராக்டர் பானெட் மேல் வைத்துவிடுங்கள்.

பள்ளி மாணவர், முடிச்சூர்
கே: அந்த டிராக்டரின் அதிகபட்ச சாதனை என்ன?

ப: எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென்துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது பெர்குசன் பெட்ரோல் டிராக்டர்களில். டயருக்கு மேல் டிராக் பெல்ட் மாட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

விவசாயி, செய்யூர்
கே: இதற்குப் போய் செலவு செய்யவேண்டுமா? டீசல் எஞ்சினை மாட்டிவிடலாமே?

ப: உழுவதற்கு என்றால் இரண்டுமே வேண்டாம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது, அதை ஊற்றி உழுதால் நெல் என்ன, குங்குமப்பூ விளைந்தாலும் கட்டாது. புது டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதமாக இருந்ததை 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆக்கியிருக்கிறார்கள். நல்ல ஓட்டத்தில் பழைய மாஸி 1035 கிடைத்தாலும் சரி. அதன் சிம்ப்சன் எஞ்சினுக்குச் சாமான் இல்லாத ஊரே தமிழ்நாட்டில் இல்லை. எஞ்சினை மாற்றினால் கிளட்ச் ஹவுசிங்குக்கு அடாப்டர் கடையவேண்டும், ஆர்.சி. புத்தகத்திலும் மாற்றவேண்டும். பெர்குசனை வைத்துக்கொள்வது ஆசைக்கு மட்டும்தான். ஆசைக்குச் செய்கிற செலவை வருமானக் கணக்கில் எழுதாதீர்கள்.

முதல் வாசகரே மறுபடி
கே: சாமான் எங்கே கிடைக்கும்? நானே இறங்கலாமா, கூடாதா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.

ப: ஒரு வார்த்தை போதாது. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலும் பழைய சாமானோடு போய்க் காட்டிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் இங்கிலாந்தில் புது லைனர் செட் இன்னும் விற்கிறார்கள். பெர்குசன் பித்தர்களும் டிரையம்ப் டி.ஆர். கார்க்காரர்களும் அங்கே நிறைய. நான்கு இரும்புக் குழாய்க்கும் கப்பல் கூலி, சுங்கம் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். பிரிப்பது, கழுவுவது, அளப்பது, பூட்டுவது உங்கள் வேலை. கிராங்க், ஹெட் இரண்டையும் லேத்துக்குக் கொடுங்கள். பிளக் ஒயர் வரிசை 1-3-4-2, பிரிக்கும்போதே எழுதி ஒட்டிவையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், எஞ்சின் சுற்றுகிற நிலையில் இருந்தால் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்த்து அளவை எனக்கு எழுதுங்கள். வால்வு மட்டும் லேப் செய்தால் தீர்கிற வண்டிக்கு லைனர் வாங்கியவர்கள் நிறையப் பேர்.