அண்ணாச்சியின் முன்னுரிமைத் துறை

அண்ணாச்சி எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிடுவீர்கள். பாளையங்கோட்டைக்காரர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், "நமக்கு மாற்றுக் கருத்து முக்கியம்லா" என்று நாளைக்கு நாலு தடவை சொல்கிறவர். அறிமுகம் இவ்வளவு போதும்.

காலை ஐந்தரைக்குக் காபி டம்ளரோடு திண்ணையில் உட்கார்ந்தால் ஃபேஸ்புக்கில் களையெடுப்பு தொடங்கும். பக்கத்தில் ஒரு டைரி. வங்கியில் கற்ற எதையும் அவர் வீணாக்கவில்லை. யாராவது நட்பு கேட்டு வந்தால் முதலில் கே.ஒய்.சி. ஆதார், பான் எல்லாம் வேண்டாம்; அந்த ஆளின் பக்கத்தில் 2014 வரை கீழே இறங்கிப் போவார். வழியில் வரும் கல்யாணம், வளைகாப்பு, மொட்டை, காதுகுத்து எதிலும் நிற்க மாட்டார். அந்த மே மாதம் தேர்தல் முடிவு வந்த அன்றைக்கு ஆள் என்ன எழுதினார் என்று பார்த்த பிறகுதான் கணக்குத் திறப்பு.

திறந்த கணக்கில் ஏறுமாறாக எதுவும் வந்தால் உடனே வெட்டிவிட மாட்டார். ஒருவரை 30 நாளைக்குக் கண்ணில் படாமல் தள்ளிவைக்கும் 'ஸ்னூஸ்' வசதியை 2017 டிசம்பரில் ஃபேஸ்புக் அறிவித்தது. அதைத் தனக்காகவே செய்ததாக அண்ணாச்சி நினைக்கிறார். ஆள் திரும்பி வந்தும் திருந்தவில்லையா, இன்னொரு முப்பது. அப்புறம் மேலும் ஒரு முப்பது. ஆக மொத்தம் 90. வங்கிக் கடனில் தவணை 90 நாளைத் தாண்டி நிலுவையில் நின்றால் அது என்.பி.ஏ., அதாவது வாராக்கடன். "ரிசர்வ் பேங்க் ரூல் தம்பி, நான் வச்சதில்ல" என்பார். அதற்கு மேல் பிளாக்தான். டைரியில் 'ரைட் ஆஃப்' என்று சிவப்பு மையில் ஏறிவிடும். சொந்தச் சித்தப்பா மகன் ஒருத்தர் 2019 தேர்தலிலிருந்து அங்கே சிவப்பாகக் கிடக்கிறார்.

(நானும் யோக்கியனில்லை. எங்கள் குடும்ப வாட்ஸாப் குழு என் போனில் வாய் திறந்து வருஷக்கணக்காகிறது.)

அண்ணாச்சி எதிர்க்கருத்தைப் பொறுமையாகக் கேட்ட காலமும் ஒன்று இருந்தது. எண்பதுகளில், கிளார்க்காக இருந்தபோது, அவருக்கு வாய்த்த சலூன்காரர் எதிர்முகாம். பெஞ்சில் கிடப்பது அந்தக் கட்சிப் பத்திரிகை. சவரம் செய்துகொண்டே தலையங்கத்தின் சாரத்தைச் சொல்லிவிட்டு, "என்ன சார், நான் சொல்லுதது சரிதான?" என்று கேட்பாராம். கத்தி தொண்டைக்குழியில் நிற்கும். தலையை ஆட்ட வழியில்லை. அண்ணாச்சி கண்ணை மூடித் திறந்து 'சரிதான்' என்பாராம். இந்தத் தமிழ்நாட்டில் கருத்துப் பரிமாற்றம் அதற்குப் பிறகு அந்த உயரத்தைத் தொட்டதாக எனக்குத் தெரியவில்லை. "அந்த ஆளு சொன்னதுல ரெண்டு விஷயம் வாஸ்தவமாத்தான் இருந்துது" என்று ஒருமுறை அவரே ஒத்துக்கொண்டார். எந்த ரெண்டு என்று கேட்டேன். பேச்சை மழைக்கு மாற்றிவிட்டார். இப்போது வீட்டிலேயே டிரிம்மர் இருக்கிறது.

எலி பாரிசர் என்ற அமெரிக்கர் 2011இல் 'தி ஃபில்டர் பபுள்' என்று ஒரு புத்தகம் எழுதினார். தன் கட்சி நண்பர்களின் பதிவுகளையே அதிகம் அமுக்கிப் பார்த்ததால், மாற்றுக் கட்சி நண்பர்களை ஃபேஸ்புக் தன்னைக் கேட்காமலே மறைத்துவிட்டது என்பது அவர் புகார். இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். காபியை உறிஞ்சிவிட்டு, "பாவம், அவன் மிஷின நம்பிட்டான். நான் எல்லாம் கையாலயே செய்யுதேன்" என்றார்.

கருத்து வேறுபாடு என்று யார் ஆரம்பித்தாலும் ராஜாஜியும் பெரியாரும் வந்துவிடுவார்கள். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, தொண்ணூறைத் தாண்டிய பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாடு வரைக்கும் வந்து குலுங்கி அழுததைச் சொல்லும்போது அண்ணாச்சிக்கும் குரல் கம்மும். "அந்த மாதிரி மனுசங்க இப்ப எங்க தம்பி இருக்காங்க?" கேட்டபடியே கட்டைவிரல் ஒருத்தரை ரைட் ஆஃப் செய்துகொண்டிருக்கும்.

அப்படியானால் மாற்றுக் கருத்து? அதற்கும் டைரியில் தனிப் பக்கம் உண்டு. தலைப்பு 'முன்னுரிமைத் துறை'. வங்கிகள் தரும் கடனில் 40 சதவீதம் விவசாயம், சிறுதொழில் போன்றவற்றுக்குப் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. மார்ச் மாதம் வந்தால் இலக்கை எட்டுவதற்கு மேலாளர் கறவை மாட்டுக்கு ஆள் தேடி அலைவார். திருப்பிக் கட்டுகிற ஆளாக, தகராறு பண்ணாத ஆளாகப் பார்த்துப் பிடிப்பதில்தான் சாமர்த்தியம். எதிர்முகாமில் நன்றாக எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்க, அண்ணாச்சி பிடித்துவைத்திருப்பது 'தமிளர்' என்று எழுதும் ஒருவரை. அவர் எது போட்டாலும் கோப முகத்தைத் தட்டிவிட்டு, "பாத்தீங்களா, எதிர்த்தரப்பையும் விடாம படிக்கேன்" என்பார். 2017இல் ஃபேஸ்புக் ஒரு கோப முகத்துக்கு ஐந்து லைக் மதிப்புப் போட்டிருந்தது. எந்த வைப்புநிதியிலும் கிடைக்காத வட்டி. 2020இல் அதைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். அண்ணாச்சி முதலை எடுக்கவில்லை.

போன வாரம் அவர் உள்ளே போன நேரத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். நாலே பெயர். முதலாமவர் காலமாகிவிட்டார். இரண்டாவது 'தமிளர்'. மூன்றாவது, கனடாவில் பனி பெய்வதைத் தவிர வேறு எதுவும் போடாத மருமகன். நான்காவது நான்.

"அண்ணாச்சி, நான் உங்க கட்சில்லா? இருபது வருஷமா ஒரே பூத்துல சேந்து போய்த்தான ஓட்டுப் போடுதோம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது சரி தம்பி. ஆனா 2021ல நீங்க ஒரு பதிவுல 'இருந்தாலும்'னு எழுதியிருந்தீங்க."

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். எழுதித்தான் இருந்தேன். அல்வாவைப் பற்றி.