கையை நீட்டுங்க, பிள்ளைங்களா!

பள்ளிகளில் போதையையும் அடிதடியையும் ஒழிக்க சமூகக் கூட்டாண்மை வேண்டுமாம். புதிதாக எதற்கு? ஏற்கெனவே ஒன்று அமோகமாக நடக்கிறதே! ஒருவர் பைக்கில் சரக்கைக் கொண்டுவந்து போடுகிறார். ஒருவர் மிட்டாய் ஜாடிக்குப் பின்னால் கூல் லிப் புகையிலையை அடுக்குகிறார். பார்க்க வேண்டியவர் மாதத்துக்கு ஒருமுறை வந்து, பார்க்காமல் போகிறார். ஊர்ப் பெரியவர், “நமக்கெதுக்குப்பா வம்பு” என்று துண்டை உதறுகிறார். இத்தனை ஒற்றுமையோடு நடக்கும் குழு வேறு எந்தத் துறையில் இருக்கிறது?

இந்தக் குழுவில் சேராத ஒரே ஆள் எட்டாம் வகுப்புப் பிள்ளைதான். அதனால் அவளைத்தான் வெயிலில் நிறுத்தி, வலது கையை நீட்டச் சொல்கிறோம். 2022 ஆகஸ்ட் 11 அன்று தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகள் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுத்தார்கள். விற்கமாட்டேன் என்று எந்தக் கடைக்காரரையும் யாரும் வரிசையில் நிறுத்தவில்லை.

ஒன்பது மாதம் கழித்து, 2023 மே 13. நம் வானூர் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்திலேயே, மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம். மீன்பிடித் தடைக்காலம், படகுகள் கரையேறிக் கிடந்தன. கடலுக்குப் போகாத கைகளுக்குச் சாராயம் மட்டும் தடையில்லாமல் கிடைத்தது. அதில் மெத்தனால். அங்கே மட்டும் 14 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு பார்த்தீர்களா நம் நிர்வாகத்தின் வேகத்தை! குடும்பத்துக்கு 10 லட்சம், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம், மாநிலமெங்கும் சோதனை, கைது. யார் காய்ச்சுகிறான், எங்கே விற்கிறான் என்பதெல்லாம் ஒரே ராத்திரியில் ஞானம்போல உதித்துவிட்டது. அந்த ஞானம் அடுத்த ஆண்டு ஜூனுக்குள் ஆவியாகியும் விட்டது. 2019 வரை இதே விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். காரணம் அதே மெத்தனால். அறிவித்த தொகையும் அதே 10 லட்சம்.

வன்முறைக்கும் நம்மிடம் மருந்து உண்டு: குழு. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். நீதிபதி சந்துரு குழு அமைத்தோம்; 2024 ஜூனில் அவர் அறிக்கையும் கொடுத்தார். அந்த அறிக்கைப்படி, கையில் சாதிக்கயிறு கட்டாதே என்று பையனுக்குச் சொல்லலாம், சரி. கட்டிவிட்ட மாமாவுக்கு யார் சொல்வது?

வானூர்ப் பையனுக்குப் பூகோளமும் நன்றாகவே வரும். டாஸ்மாக் பலகை, 21 வயதுக்குக் கீழே விற்பனை இல்லை என்கிறது. கோட்டக்குப்பம் தாண்டினால் புதுச்சேரி. அங்கே 18 போதும், விலையும் குறைவு. மூன்று வருஷம் பொறுக்க வேண்டிய ஒழுக்கத்தை ஒரு டவுன் பஸ் டிக்கெட்டில் கடந்துவிடலாம். 2023-24-இல் டாஸ்மாக் கொடுத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். உறுதிமொழியை அச்சடிக்கும் காசும் அந்தக் கல்லாவில் இருந்துதானே வர வேண்டும்? நன்றி மறக்கக் கூடாது.

என் பங்குக்கு ஓர் உறுதிமொழி எழுதித் தருகிறேன், பெரியவர்கள் கையை நீட்டட்டும்: “குடித்துவிட்டுப் பெற்றோர் கூட்டத்துக்கு வரமாட்டேன். பிள்ளையைக் கடைக்கு அனுப்பிச் சிகரெட் வாங்கமாட்டேன். பிடிபட்டவன் என் சாதிக்காரன், என் கட்சிக்காரன் என்று ஸ்டேஷனுக்கு போன் போடமாட்டேன்.” மூன்றாவது வரியில் பாதி மேடை காலியாகிவிடும்.

பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் சிகரெட் விற்றால், 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். ஒரு மத்தியானத்து லாபத்தில் கட்டிவிட்டுக் கடைக்காரர் மறுபடி உட்கார்ந்துவிடுவார். ஆனால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவும் இருக்கிறது. குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களே, அடுத்த கூட்டத்தில் பேரணிக்குத் தேதி குறிக்காதீர்கள். கடையின் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எல்லோருமாகச் சேர்ந்து ஸ்டேஷனுக்குப் போய், 77-ஆம் பிரிவைக் குறிப்பிட்டுப் புகார் கொடுங்கள். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வராமல் அங்கிருந்து எழுந்திருக்காதீர்கள்.